குறைமாதக் குழந்தைக்குப் பயிற்சி: தெரபிஸ்ட் கையா, பெற்றோர் கையா?

கர்ப்பத்தின் 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு பிசியோதெரபி வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு பேச்சு எழும். வாரம் இரண்டு முறை சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது ஒன்று. கற்றுக்கொண்டு நாமே தினமும் செய்துவிடலாம் என்பது மற்றொன்று. நான் இரண்டாவது பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு.

தெரபிஸ்டின் பலம் அவருடைய கண். தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதையும், ஒரு கால் மட்டும் விறைப்பாக இருப்பதையும் அவர் சட்டென்று பிடித்துவிடுவார். சிக்கல், அவர் கொடுக்கும் நேரத்தில் குழந்தை விழித்திருக்க வேண்டுமே! பஸ் பிடித்து, வரிசையில் காத்திருந்து உள்ளே போகும்போது அது அசந்து தூங்கும், இல்லையென்றால் பசியில் வீறிடும்.

பெற்றோருக்கு அந்தக் கவலை இல்லை. குழந்தை கண் திறந்து அமைதியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடம் எப்போது வருகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். நார்வேயில் 153 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு (2016-ல் வெளியானது) இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. குழந்தை மருத்துவமனையில் இருக்கும்போதே, (கர்ப்ப காலத்தையும் சேர்த்து எண்ணினால்) 34-வது வாரத்திலிருந்து மூன்று வாரம், தினமும் இருமுறை, அதிகபட்சம் பத்து நிமிடம். செய்தது பெற்றோர், கற்றுக்கொடுத்தது பிசியோதெரபிஸ்ட். 37-வது வாரத்தில் பார்த்தபோது இந்தக் குழந்தைகளின் அசைவுத்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. இரண்டு வயதில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரத்தோடு நிறுத்தாமல் வீட்டிலும் தொடர வேண்டும் என்றுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு கையால் அணை கொடுத்து, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் சேரும்படி மெதுவாகக் கொண்டுவருவது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது தலை நடுவில் நிற்கும்படி உள்ளங்கையால் தாங்கி, நம் முகத்தைப் பார்க்க விடுவது. அவ்வளவு மென்மையானது. விரல்கள் விரிந்து விறைத்தாலோ, விக்கல் வந்தாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ போதும் என்கிறது என்று பொருள். அப்போது கையை எடுக்காமல் அசையாது அணைத்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறினால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே நர்ஸையோ டாக்டரையோ கூப்பிட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் கை காலை உருவி விடும் பழக்கம் வேறு, இது வேறு. பாட்டிக்கும் இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி அந்த நிபந்தனை. டிஸ்சார்ஜ் அன்று அவசரமாக ஒருமுறை காட்டிவிட்டு ஒரு தாளைக் கையில் கொடுப்பது கற்றுக்கொடுப்பது ஆகாது. அம்மாவும் அப்பாவும் தெரபிஸ்ட் முன்னால் தாங்களே செய்துகாட்ட வேண்டும், அவர் திருத்த வேண்டும், சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில், சிரமப்பட்டாலும் சென்டருக்குப் போவதே மேல். தமிழ்நாட்டில் அரசின் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட மையம்) மையங்களில் இது இலவசம்.

மூளையில் ரத்தக்கசிவு இருந்ததாக ஸ்கேனில் சொல்லப்பட்ட குழந்தைக்கு இந்தப் போட்டியே கிடையாது: தெரபிஸ்டும் வேண்டும், வீட்டுப் பயிற்சியும் வேண்டும். திருத்திய வயதில், அதாவது பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணி, நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒரு கை எப்போதும் மூடியே இருக்கிறது, தூக்கினால் உடம்பு வில்லாக வளைகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்-அப் தேதிவரை காத்திருக்காதீர்கள்.