பெருமாள்புரம் ஆளுமை வகை வகுப்பு: காலைக்கு முழு மார்க், மதியத்துக்கு இல்லை

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வகுப்பாக நடக்கும் ஆளுமை வகைப் பயிற்சிக்குப் போய் வந்தேன். போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலை வகுப்புக்காகக் கண்டிப்பாகப் போங்கள், சாயங்காலம் கையில் கொடுக்கும் அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்துபவர்கள் பெயரைப் போடவில்லை.

காலை முழுக்க அகமுக உணர்வு பற்றித்தான் பாடம். ஆட்களை நாலெழுத்துப் பெயர் போட்டுப் பதினாறு வகையாகப் பிரிக்கிற எம்பிடிஐ கேள்வித்தாளைப் பற்றி இணையத்தில் மேய்கிறவர்களுக்கு 'எஃப்ஐ' என்று சொன்னால் புரியும். பயிற்சி கொடுத்த அம்மா நேரே நாலெழுத்துக்குத் தாவாமல், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் உளவியல் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் இருந்து ஆரம்பித்தார், அதுவே எனக்குப் பிடித்துப்போனது. யுங் கணக்கில் புலனறிவும் உள்ளுணர்வும் தகவலை வாங்கிக்கொள்பவை, சிந்தனையும் உணர்வும் அதை வைத்து முடிவெடுப்பவை. ஆக, உணர்வு என்று அவர் சொல்வது அழுகையோ கோபமோ இல்லை. இது தகும், இது தகாது என்று நிறுக்கிற வேலை. அந்த எடைக்கல் சுற்றி இருப்பவர்களிடம் இருந்தால் அது புறமுக உணர்வு, ஆளுக்குள்ளேயே இருந்தால் அகமுக உணர்வு.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொண்டார். மறுவீட்டுப் பந்தியில் சொதி பரிமாறிக்கொண்டிருக்கும்போது சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் சமையல்காரரை எல்லார் முன்னாலும் கண்டபடி பேசிவிடுகிறார். புறமுக உணர்வு மேலோங்கிய மைனி உடனே எழுந்துபோய், "விடுங்க மாமா, இஞ்சிப் பச்சடி எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று பேச்சை மாற்றிப் பந்தியைக் காப்பாற்றிவிடுகிறார். அவருடைய கொழுந்தனோ ஒரு வார்த்தை பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறான், கொஞ்சம் கழித்துத் தேடினால் பின்கட்டில் அந்தச் சமையல்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த விசேஷத்துக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கச் சொன்னால் போகமாட்டான், ஏன் என்று கேட்டால் "மனசு ஒப்பல" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. வீட்டில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். என் பக்கத்தில் இருந்த அக்கா, "எங்க வீட்டுக்காரர் அச்சு அசல் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் நோட்டில் இருந்து தலையே தூக்கவில்லை.

அவனுக்கு ஏன் காரணம் சொல்ல வரவில்லை என்று அந்த அம்மா விளக்கியதுதான் அன்றைக்குக் கிடைத்த பெரிய விஷயம். இது யாரோ சொல்லிக்கொடுத்த விதி இல்லை, சின்ன வயதில் இருந்து பட்டுப் பட்டு உள்ளே படிந்த மதிப்பு, அதனால் முடிவு வந்துவிடும், வாதம் வராது. பதினாறு வகையில் ஒவ்வொன்றுக்கும் இந்தத் திறன்கள் பலத்தின்படி ஒரு வரிசையில் நிற்குமாம். ஐஎன்எஃப்பி, ஐஎஸ்எஃப்பி வகையினருக்கு அகமுக உணர்வுதான் முதன்மை, கடைசியில் கிடப்பது புறமுகச் சிந்தனை. நாலு பேர் முன்னால் காரணத்தை வரிசையாக எடுத்துவைக்கிற வேலை அதனுடையது. நெருக்கிக் கேட்டால் ஒன்று வாயடைத்துப்போவார்கள், இல்லை வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். இஎன்டிஜே, இஎஸ்டிஜே ஆட்களுக்கு இது அப்படியே தலைகீழ்: ஊரையே கட்டி மேய்க்கிற ஆள் திடீரென்று ஒருநாள் "என்னை ஒருத்தரும் மதிக்கல" என்று உடைந்துபோவதை இவர்கள் கடைசியில் கிடக்கும் அகமுக உணர்வின் வேலை என்கிறார்கள். அகமுக உணர்வு மேலோங்கியவர்கள் பெரும்பாலும் பேசாதவர்கள், நெருங்க முடியாதவர்கள் என்று எழுதிய யுங், இதைப் பெண்களிடம்தான் அதிகம் பார்த்ததாகவும் சொல்கிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் அவர் கண்ணில் பட்டது அது. நம் பக்கத்து ஆண்களில் பாதிப் பேரை இந்தப் பாடத்துக்குள் உட்கார வைக்கலாம் என்பது என் எண்ணம்.

மதியம் கேள்வித்தாள். அதில்தான் எனக்கு வருத்தம். கேள்விகள் எல்லாம் சிந்தனையா உணர்வா என்பது போல நான்கு ஜோடிகளைத்தான் கேட்கின்றன, அகமுக உணர்வை நேரடியாக அளக்கிற கேள்வி ஒன்றுகூட இல்லை. வந்த எழுத்துகளை வைத்து இது இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். அச்சடித்த அறிக்கையோ "நீங்கள் எளிதில் உணர்ச்சிவசப்படுபவர், கணக்கு சார்ந்த வேலைகள் ஒத்துவராது" என்கிறது. காலையில் பாடுபட்டுக் கட்டியதை மதியம் அவர்களே இடித்துவிட்டார்கள். இன்ஜினியரிங் படிக்கிற பையனோடு வந்திருந்த ஒரு அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு "அப்போ இவனை வேற படிப்புக்கு மாத்திரலாமா?" என்று கேட்டார், அந்தப் பையன் குனிந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்த உதவியாளர் "யோசிங்க சார்" என்றார். அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. ஆளை வேலைக்கு எடுக்க எம்பிடிஐயைப் பயன்படுத்துவது முறையல்ல என்று அதை முன்னெடுக்கும் அமைப்பே சொல்கிறது. அதே ஆள் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் வேறு வகை வருவதும் சாதாரணம். ஆளுமையை ஆய்வு செய்கிறவர்கள் பெரும்பாலும், வகை பிரிக்காமல் ஐந்து குணங்கள் ஆளுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற ஐம்பெரும் பண்புகள் அளவையைத்தான் நம்புகிறார்கள், இதை ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். கட்டணம் 600 ரூபாய், மதியச் சாப்பாடு அதில் அடக்கம், சாப்பாடு நன்றாகவே இருந்தது. மைக் இரைச்சல் அதிகம், முன்வரிசையில் இடம் பிடியுங்கள். வீட்டில் பேசாத ஆள் யாராவது இருந்தால், அவரோடு மல்லுக்கட்டுகிற ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அறிக்கைக்குத் தனியாக 400 ரூபாய் கேட்பார்கள், அது வேண்டாம்.