குடியிலிருந்து மீள இலவசத் துணை: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு எது கைகொடுக்கும்?

கடலூரில் குடியை விட முயல்கிறவருக்கு ஊரின் இருப்பிடமே எதிராக நிற்கிறது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. அங்கே வரி குறைவு, அதனால் சரக்கின் விலையும் குறைவு. பணம் கட்டி மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வருகிறவரும் மறுநாள் அதே தடத்துப் பேருந்தில்தான் வேலைக்குப் போக வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டு மண்டலம் முழுக்க ஒரு சொட்டும் தொடாதவர், மாலையைக் கழற்றிய இரவே கடைக்குப் போவதையும் நாம் பார்க்கிறோம். நிறுத்துவது அவருக்கு முடியாத காரியமன்று. நிறுத்திய பிறகு வரும் மாதங்களைக் கடப்பதுதான் முடியவில்லை. அந்த மாதங்களுக்குக் காசு கேட்காமல் துணை வரும் அமைப்புகளில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனும் ஏ.ஏ.வையும் ஸ்மார்ட் ரெகவரியையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

இரண்டுமே மருத்துவம் அல்ல. நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; அடுத்த ஓரிரு நாட்களில் நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஜிப்மரின் மனநலப் பிரிவையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையையோ பார்த்த பிறகே மற்றவை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவரும் குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது. உறுப்பினராக வேண்டிய ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். இங்கே கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன என்பதே அதன் முதல் பலம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஓர் அறையில் ஒருவர் எழுந்து தன் பெயரை மட்டும் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. கடைசியில் சுற்றிவரும் பையில் விருப்பமுள்ளவர் பணம் போடலாம். வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் ‘ஸ்பான்சர்’ ஆக அமைந்துவிட்டால், மாலை ஆறரை மணிக்குக் கை நடுங்கும்போது அழைக்க ஓர் எண் இருக்கும். என் கணக்கில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளைவிட அந்த எண்ணுக்கே மதிப்பு அதிகம்.

சிக்கல் கடவுளிடம் வருகிறது. மூன்றாவது படி, ‘நாம் புரிந்துகொண்ட கடவுளிடம்’ நம்மை ஒப்படைக்கச் சொல்கிறது. எந்த மதத்தையும் அது திணிப்பதில்லை என்றாலும், கருஞ்சட்டைக்காரர் ஒருவருக்கு இது தொண்டையில் சிக்கத்தான் செய்யும். இன்னொரு தயக்கம், தெரிந்த முகத்தைச் சந்திப்போமோ என்பது. கடலூர்க்காரர் புதுச்சேரிக் கூட்டத்துக்கும் புதுச்சேரிக்காரர் கடலூருக்கும் போவது இதற்கு எளிய வழி, எல்லைக் கடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியுமானால்.

ஸ்மார்ட் ரெகவரி 1994 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. கடவுளும் இல்லை, ‘குடிநோயாளி’ என்ற முத்திரையும் இல்லை. நம் எண்ணங்களை நாமே சோதித்துப் பார்க்கும் உளவியல் பயிற்சிகளே அதன் அடிப்படை. பயிற்சி பெற்ற நெறியாளர் நடத்தும் கூட்டத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் விவாதிக்கலாம். வாழ்நாள் முழுக்க வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. அதன் கருவிகளில் எனக்குப் பிடித்தது நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு தாள். குடிப்பதால் கிடைப்பது, குடிப்பதால் இழப்பது, விட்டால் கிடைப்பது, விட்டால் இழப்பது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பங்குப் பணம் வாங்கும் ஒரு மீனவர் இதை நிரப்பினால், முதல் கட்டத்தில் ‘உடம்பு வலி தெரியாது’ என்று நேர்மையாக எழுத இடமிருக்கிறது. நான்காவதில் ‘கரையில் கூட்டாளிகளோடு உட்கார முடியாது’ என்பதும் வரும். வலிக்கு மருந்தும் மாலைக்கு வேறொரு கூட்டமும் தேட வேண்டும் என்பது அப்போதுதான் எழுத்தில் தெரிகிறது. நம் வீட்டு அறிவுரைகள் இந்த இரண்டு கட்டங்களையும் பேசுவதே இல்லை.

ஆனால் நம்மவருக்கு இது பெரும்பாலும் இணையத்தில், ஆங்கிலத்தில்தான் எட்டுகிறது. அமெரிக்காவின் மாலைக் கூட்டம் நமக்கு விடிகாலை. ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேசக்கூடியவருக்கும், ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையக் கூசும் பெண்ணுக்கும் இதுவே வசதி. மற்றவர்களுக்கு அந்த நான்கு கட்டத் தாள் மட்டும் போதும், அதை எந்த நோட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆய்வுச் சான்று ஏ.ஏ. பக்கமே கனமாக இருக்கிறது. பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு, ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் சிகிச்சைமுறைகள் தொடர்ச்சியாகக் குடிக்காமலிருக்க மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதைக் கண்டது. அதனால் தமிழில் பேசும் அறை எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு ஏ.ஏ.வைத்தான் முதலில் சொல்வேன். நாத்திகரையும் ‘கடவுள் என்ற இடத்தில் அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்புவேன். ஏ.ஏ.விலேயே பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் குடிப்பவரின் சம்மதம் வேண்டும். அவர் வராத வீட்டின் மனைவிக்கு, குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. கணவரை நிறுத்தவைக்கும் உபாயம் அங்கே கிடைக்காது. அவருக்காகக் கடன் அடைப்பதையும், முதலாளியிடம் ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்வதையும் எப்படி நிறுத்துவது என்பதை, அதையெல்லாம் செய்து பார்த்த பெண்களிடமிருந்தே கேட்கலாம். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இவர் போகலாம்.