நான்கு வருடமாக நைட் கார்டு: தூக்கத்தில் பல் கடிக்கும் எனக்கு அது செய்ததும் செய்யாததும்

நைட் கார்டு என்பது தூங்கும்போது பல்வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் உறை. என் இரண்டாவது நைட் கார்டில் வலது கடைவாய்ப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். கெட்டி அக்ரிலிக்கில் மூன்று வருடமாக இரவெல்லாம் நான் அரைத்த தடம் அது. கார்டு இல்லாவிட்டால் அந்தத் தேய்மானம் முழுக்க என் பல்லுக்குத்தான் போயிருக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் "பணம் தண்டம்" என்றுதான் எழுதியிருப்பேன். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

கார்டு போடுவதற்கு முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஒரு மந்தமான வலி இருக்கும். பத்து மணிக்குள் தானாகப் போய்விடும். இரண்டு வருடம் தைலம் தேய்த்தே சமாளித்தேன். ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலை என்பதால் கண்தான் காரணம் என்று கண்ணாடியையும் மாற்றினேன். "ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிச்சுட்டே இருந்தே" என்று வீட்டுக்காரர் பலமுறை சொல்லியிருக்கிறார். அத்தை, "வயித்துல பூச்சி இருக்குமாட்ட இருக்குது கண்ணு, வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடி" என்றார். குடித்தேன். தலைவலிக்கும் பல்லுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

2021 தீபாவளிக்கு முறுக்கு கடிக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை உடைந்து கையில் வந்தது. சொத்தை எதுவும் இல்லாத பல்.

பல் டாக்டர் உடைந்த பல்லைப் பார்த்ததைவிட மற்ற பற்களைப் பார்த்ததுதான் அதிகம். கோரைப் பற்களின் கூர் மழுங்கிச் சமதளமாகியிருந்தது. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வரிசை, கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு, "பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு பொட்டுல விரலை வைங்க" என்றார். வைத்தால் விரலுக்கடியில் தசை புடைத்தது. தாடையை மூடும் தசைகளில் ஒன்று விசிறிபோல விரிந்து நெற்றிப்பொட்டு வரை போகிறது. நான் தைலம் தேய்த்த இடம் அதுவேதான். இரவெல்லாம் உழைத்த தசை காலையில் வலிக்காமல் என்ன செய்யும்?

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது எனாமல் பற்றிய செய்தி. உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் அது. ஆனால் அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வந்ததுமே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் தேய்ந்தால் திரும்ப வராது. மோர் குடித்தால்கூடக் கூசியதற்குக் காரணம் புரிந்தது.

குறட்டை உண்டா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்டார். தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களிடம் பல் கடிப்பது சேர்ந்தே காணப்படுவது உண்டு. அவர்களில் சிலருக்கு மேல்வரிசைக் கார்டு போட்டால் மூச்சுத் தடை கூடவும் செய்யலாம் என்பதால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரலாம். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. காபி மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர்.

முதலில் மென்மையான கார்டு போட்டேன். வாய்க்கு இதமாக இருந்தது, ஆனால் தூக்கத்தில் அதை மென்றுகொண்டே இருந்திருக்கிறேன். பத்தாவது மாதம் ஓட்டை விழுந்தது. அடுத்தது அளவெடுத்துச் செய்த கெட்டிக் கார்டு, 4,500 ரூபாய். முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. இரண்டு நாள் நடுராத்திரியில் என்னையறியாமல் கழற்றி வீசியிருந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டு நாமே கடித்து அச்செடுக்கும் வகையைத் தோழி ஒருத்தி வாங்கினாள். சரியாகப் பொருந்தாமல் ஈறு புண்ணானது. நாட்பட்ட உபயோகத்துக்கு அளவெடுத்துச் செய்வதுதான் என் தேர்வு.

நைட் கார்டு பல் கடிப்பதை நிறுத்தாது. இதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். வீட்டுக்காரர் காதில் விழும் சத்தம் போய்விட்டது, பல் கூச்சம் பாதிக்கு மேல் குறைந்தது, இன்னொரு பல் உடையவில்லை. ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி நெருங்கும் வாரத்தில் இன்றும் தாடை இறுகித்தான் எழுகிறேன்.

காலைத் தலைவலியைக் குறைத்தது பகலில் செய்த வேறொரு வேலை. வாய் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. இது எனக்கு முப்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. கணக்குப் பார்க்கும்போது பல்லை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன்! மானிட்டர் ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டினேன். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவேன். மாலைக் காபியையும் விட்டேன். ஆறு மாதத்தில் தைல டப்பா மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது.

கார்டைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும். நான் மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் பயன்படுத்துகிறேன். துளையுள்ள டப்பாவில் காற்றாட வைக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போனால், எங்கே தேய்கிறது என்று பார்த்துச் சரிசெய்வார்.

இப்போது ஏழு வயது மகளும் தூக்கத்தில் நறநறக்கிறாள். அவளுக்கும் கார்டு செய்யலாமா என்று கேட்டேன். பால்பல் விழுந்து முளைக்கிற வயது, தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது வேண்டாம், நிறைய பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும் என்றார். பூச்சி என்பதற்கும் தெளிவான ஆதாரம் இல்லையாம். குறட்டை விடுகிறாளா, வாயால் மூச்சு விடுகிறாளா என்று மட்டும் கவனிக்கச் சொன்னார். ராத்திரி அவள் பக்கத்தில் படுத்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.