கொழுப்பு காட்டும் எடை மெஷின்: எந்த எண்ணை நம்பலாம்?

கண்ணாடிப் பலகை, அதன் மேல் நான்கு சில்வர் பட்டை, கூடவே போனில் ஒரு ஆப். மதுரையில் எலக்ட்ரானிக்ஸ் கடை, சர்ஜிகல் கடை எங்கே கேட்டாலும் இந்த ப்ளூடூத் எடை மெஷினை எடுத்து வைக்கிறார்கள். கொழுப்பு, தசை, எலும்பு, நீர், பி.எம்.ஆர். என்று பெட்டி நிறைய அளவுகள் போட்டிருக்கும். ஆனால் மெஷின் நிஜமாக அளப்பது இரண்டைத்தான்: உங்கள் எடை, ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் மெல்லிய மின்சாரத்துக்கு உடம்பு காட்டும் தடை. மற்றதெல்லாம் ஆப் போடும் கணக்கு.

எடையில் குறை சொல்ல அதிகமில்லை. டைல்ஸ் அல்லது மொசைக் தரையில் வையுங்கள். பாய், மிதியடி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். இடம் மாற்றினால் ஒரு தடவை ஏறி இறங்கி, பூஜ்யம் வந்த பிறகு மறுபடி ஏறுங்கள். சரிபார்க்க 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். முதலில் நீங்கள் மட்டும், அடுத்து நிரம்பிய கேனைத் தூக்கிக்கொண்டு. வித்தியாசம் 20 கிலோவும் காலி கேனின் எடையும் சேர்ந்து வர வேண்டும். ஒன்றிரண்டு கிலோ இடித்தால் பில்லோடு போய் மாற்றிவிடுங்கள்.

கொழுப்பு சதவீதம் அப்படியில்லை. பித்தவெடிப்பு இருந்தாலோ பாதம் காய்ந்திருந்தாலோ தடை கூடும், கொழுப்பும் கூடியதாகக் காட்டும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறினால் அதே ஆளுக்கு வேறு எண் வரும். மின்சாரம் பெரும்பாலும் காலோடு திரும்பிவிடுவதால் வயிற்றுக் கொழுப்பு அதன் கண்ணில் சரியாகப் படுவதே இல்லை. நம் ஊரில் பிரச்சினையே வயிறுதான். அதற்குத் தையல்காரர் டேப்பே மேல்: வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பி.எம்.ஆர்., அதாவது சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரி. நாள் செலவில் பெரும்பங்கு இதுதான். மெஷின் இதை அளக்கவில்லை என்பதற்குச் சோதனை சுலபம்: ஆப்பில் வயதை 40-லிருந்து 30 ஆக்கிவிட்டு ஏறுங்கள், எண் கூடும். பரவலாகப் புழங்கும் ஒரு சூத்திரம் இது: எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்டு, பெண்ணுக்கு 161 கழி. 65 கிலோ, 155 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு 1,258 வரும். அந்த அளவுள்ள எல்லாப் பெண்களுக்கும் அதே 1,258-தான்! காகிதத்திலேயே போடக்கூடிய கணக்குக்குக் கூடுதல் காசு எதற்கு?

'மெட்டபாலிக் வயது 52', அதாவது உங்கள் பி.எம்.ஆர். 52 வயதுக்காரருடையது போல இருக்கிறது என்று ஆப் பயமுறுத்தினாலும் கண்டுகொள்ள வேண்டாம். 2021-ல் சயின்ஸ் இதழில் வந்த, 6,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை மெட்டபாலிசம் (உடம்பு கலோரி செலவழிக்கும் வேகம்) ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பது தெரிந்தது. நாற்பதில் தொப்பை போடுவதற்கு வயதால் மெட்டபாலிசம் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்ல முடியாது.

அந்தக் காசில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். 5 கிலோ வரை தாங்க வேண்டும், 1 கிராம் துல்லியம், மேலே வைத்ததன் எடையைப் பூஜ்யமாக்கும் 'டேர்' பட்டன் அவசியம். முதலில் அளக்க வேண்டியது எண்ணெய். பாட்டிலைத் தராசில் வைத்து டேர் அழுத்துங்கள், சட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸில் 28 என்று வந்தால் 28 கிராம் போயிருக்கிறது. கிராமுக்கு 9 கலோரி, ஆக 252. லிட்டர் பாக்கெட்டில் சுமார் 910 கிராம் இருக்கும். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் காலியானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரிக்கு மேல் எண்ணெயில் மட்டுமே. சோற்றைக் குறைத்துவிட்டேன், எடை இறங்கவில்லை என்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

அரிசியைச் சமைக்கும் முன் நிறுங்கள், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. கடைப் பரோட்டாவில் 60 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய் என்று வைத்தாலே ஒன்றுக்கு 300. பன் பரோட்டாவுக்கு இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள், சால்னா தனி. வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், 65 கிலோ ஆளுக்கு 50 கலோரிக்குப் பக்கம் செலவாகும். ஒரு பரோட்டாவுக்கு ஆறு சுற்று.

ராத்திரி கொத்து பரோட்டா சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். உப்பும் மாவும் பிடித்து வைத்த தண்ணீர், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதனால் தினமும் காலைக்கடன் முடித்து, காபிக்கு முன் ஏறி, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முன் நீர் கோர்ப்பதால் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

இரண்டு தராசும் சேர்ந்தால் உங்கள் உண்மையான செலவு கிடைத்துவிடும். 28 நாள் சராசரியாக 1,700 கலோரி சாப்பிட்டு ஒரு கிலோ இறங்கியதா? 7,700-ஐ 28-ஆல் வகுத்தால் 275. ஆக உங்கள் நாள் செலவு 1,975-க்குப் பக்கம். பத்துக் கிலோ இறங்கிய பிறகு இதே கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்; சூத்திரப்படியே பி.எம்.ஆர்-ல் 100 குறைந்திருக்கும், நடைக்கும் முன்னளவு செலவாகாது. எடை நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய் வரை ஒழுங்காக அளந்தும் நாள் செலவு வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக வந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மின்சாரம் பாயும் இந்த மெஷினில் ஏற வேண்டாம். அவர்கள் வீட்டுக்குப் பட்டை இல்லாத சாதாரண டிஜிட்டல் மெஷினே போதும், விலையும் குறைவு.