எம்டிஆர்: பிங்கும் டிரேஸ்ரூட்டும் ஒரே திரையில்

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் பிளானில் சொன்ன வேகம் அப்படியே வருகிறது, ஆனால் வீடியோ காலில் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கிறது. இதற்கு டெர்மினலில் எந்த டூல் நல்லது என்று கேட்டால் நான் சொல்வது எம்டிஆர் (mtr).

பிங் 1983ல் மைக் மூஸ் எழுதியது, இன்றும் முதலில் கை போவது அதற்குத்தான். ஆனால் பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) போய்த் திரும்பியதா, எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதோடு அதன் வேலை முடிந்தது. டிரேஸ்ரூட் பாக்கெட் போகும் வழியைக் காட்டும், ஆனால் ஹாப்புக்கு, அதாவது வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டருக்கும், மூன்று பாக்கெட் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும், அவ்வப்போது தலைகாட்டும் கோளாறு அதில் சிக்குவது அபூர்வம். 1997ல் மாட் கிம்பல் தொடங்கிய எம்டிஆர் இந்த இரண்டு வேலையையும் சேர்த்து, நாம் நிறுத்தும்வரை எல்லா ஹாப்புக்கும் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும், லாஸ் (தொலைந்த பாக்கெட்டுகளின் சதவீதம்), சராசரி நேரம், மோசமான நேரம் எல்லாம் கண்ணெதிரே மாறும். இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

குறை என்றால், வருவதை எப்படிப் படிப்பது என்று அது சொல்லித்தராது. நடுவில் ஒரு ஹாப்பில் 60 சதவீதம் லாஸ் என்று பார்த்ததும் கஸ்டமர் கேருக்குச் சண்டைக்குப் போகாதீர்கள். பல ரூட்டர்கள் தங்களைத் தாண்டிப் போகும் டிராஃபிக்கை ஒழுங்காகத்தான் அனுப்பும், தங்களிடமே கேட்கப்படும் ஐசிஎம்பி (பிங் போன்ற சோதனைகளுக்கான செய்தி வகை) பதில்களை மட்டும் அளந்து கொடுக்கும். அடுத்த ஹாப்பில் லாஸ் பூஜ்யம் என்றால் கவலையே வேண்டாம். லாஸ் ஒரு இடத்தில் தொடங்கி கடைசி ஹாப்வரை தொடர்ந்தால்தான் விஷயம். அதுவும் முதல் ஹாப்பிலேயே, அதாவது வீட்டு ரூட்டரிலேயே தொடங்கினால் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, வைஃபையை விட்டு கேபிள் செருகிப் பாருங்கள். இன்னொன்று, எம்டிஆர் காட்டுவது போகும் வழியை மட்டும்தான், திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம். முடிந்தால் எதிர்முனையிலிருந்தும் ஒன்று ஓடவிடுங்கள்.

ஃபயர்வால் ஐசிஎம்பியைத் தடுத்தால் வெப்தளங்கள் பயன்படுத்தும் டிசிபிக்கு மாற்றி, அவற்றின் வழக்கமான போர்ட் 443ல் ஓட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். உபுண்டு, டெபியன் சர்வரில் எம்டிஆர்-டைனி என்ற பேக்கேஜே போதும், வரைகலைச் சமாச்சாரமெல்லாம் அதில் கிடையாது. மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகப் போட்டுக்கொள்ளலாம், ஓட்டும்போது சூடோ (அட்மின் அனுமதி) கேட்கும், கொஞ்சம் எரிச்சல்தான். விண்டோஸில் கூடவே வரும் இதே மாதிரி டூல் பாத்பிங் இருக்கிறது, ஹாப்புக்கு 25 வினாடி எடுத்துக்கொள்ளும், டீ குடித்துவிட்டு வரலாம்.

வேகத்தை அளக்க மட்டும் இது உதவாது, அதற்கு ஐபெர்ஃப்3 என்ற வேறு டூல். இரண்டு முனையிலும் நிறுவி, ஒன்றை சர்வராக வைத்து, போர்ட் 5201 திறந்திருக்க வேண்டும். அப்புறம், புகார் கொடுக்கும்போது எம்டிஆரை ரிப்போர்ட் முறையில் 100 பாக்கெட் ஓடவிட்டு அந்த அட்டவணையை அப்படியே ஒட்டி அனுப்புங்கள், ‘மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா சார்’ என்ற கேள்வியாவது குறையும்.