நேரடி லிங்க், எஸ்டிபி ஜோடி, ஐபி: எஸ்எஸ்7 வலையை எதில் கட்டுவது?

தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் தமக்குள் அழைப்புச் செய்திகளைப் பரிமாறும் முறையான எஸ்எஸ்7-இல் பேச்சு ஒரு வழியில் போகும். யார் யாரை அழைக்கிறார், எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திகள் வேறு வழியில் போகும். அந்த இரண்டாவது வழி நின்றுவிட்டால், நூற்றுக்கணக்கான பேச்சு டிரங்குகள் (எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையிலான பேச்சு வழிகள்) நல்ல நிலையில் இருந்தும் ஒரு புது அழைப்புகூடப் போகாது. அதனால் இதைக் கட்டும் முறைகளை விலையை வைத்து எடைபோடுவது இரண்டாம்பட்சம். கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எளிதானது நேரடி லிங்க், அதாவது எஃப்-லிங்க். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே ஏற்கனவே ஓடும் இ1-இல் (டைம்ஸ்லாட் என்ற நேரத் துண்டுகளாகப் பிரிந்த 2 எம்பிபிஎஸ் இணைப்பு) ஒரு டைம்ஸ்லாட்டை, பெரும்பாலும் 16-ஆவதை, 64 கேபிபிஎஸ் லிங்க்காக ஒதுக்கினால் போதும். தனிக் கருவி தேவையில்லை. ஆனால் 10 எக்ஸ்சேஞ்சுகளை ஒன்றோடொன்று இணைத்தால் 45 லிங்க்செட் (இரு முனைகளுக்கு இடையிலான லிங்க்குகளின் தொகுப்பு). ஒவ்வொன்றிலும் இரண்டு லிங்க் என்றால் 90. அந்த இரண்டையும் ஒரே இ1-இல் வைப்பவர்கள் நிறையப் பேர். இ1 போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறு இ1 மட்டும் போதாது, வேறு கேபிள் பாதையும் வேண்டும்.

எஸ்டிபி (செய்திகளை வாங்கி உரிய எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பிவிடும் கருவி) ஜோடி வைத்தால் அதே 10 எக்ஸ்சேஞ்சுக்கு 20 ஏ-லிங்க்செட் (எக்ஸ்சேஞ்சிலிருந்து எஸ்டிபிக்குப் போவது), இரண்டு எஸ்டிபிகளை இணைக்க ஒரு சி-லிங்க்செட், அவ்வளவுதான். ஒன்று விழுந்தால் மற்றது முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும் என்பதால் சாதாரண நேரத்தில் லிங்க்கை 0.2 எர்லாங்குக்கு, அதாவது கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு, மேல் ஏற்றுவதில்லை (வட அமெரிக்காவில் 0.4). 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8,000 பைட், அதில் 0.2 என்றால் 1,600 பைட். ஒரு செய்தி சராசரியாக 40 பைட் என்று கொண்டால் ஒரு திசையில் நொடிக்கு 40 செய்திகள். அழைப்புச் செய்திகளுக்கு இது தாராளம். ஆனால் ஒரு எஸ்எம்எஸ் தனியாகவே 200 பைட்டைத் தாண்டக்கூடும். மொபைல் வலைகளில் 64 கேபிபிஎஸ் மூச்சுத்திணறியதும் 2 எம்பிபிஎஸ் லிங்க்குகள் வந்ததும் இதனால்தான்.

இங்கே பலர் தவறவிடும் இடம் லிங்க்குகளின் எண்ணிக்கை. எந்தச் செய்தி எந்த லிங்க்கில் என்பதை எஸ்எல்எஸ் என்ற 4 பிட் எண் முடிவு செய்கிறது. இரண்டு எஸ்டிபிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு பிட் போய்விடும். மிஞ்சுவது 8 மதிப்புகள். மூன்று லிங்க் போட்டால் 3, 3, 2 என்று பாரம் கோணலாகும். 2, 4, 8 என்று போடுவதே நல்லது. அதே பிட்டையே லிங்க்கைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தும்படி அமைத்துவிட்டால் பாதி லிங்க்குகள் சும்மா கிடக்கும்.

இ1 கேபிள்களை இணைக்கும் சட்டமான டிடிஎஃப்-இல் வயரிங் பிசகினால் அதற்கென்றே ஒரு அடையாளம் உண்டு. ஒரே எஸ்டிபிக்குப் போகும் இரண்டு இ1 கேபிள்கள் இடம் மாறியிருந்தால் அலாரம் எதுவும் வராது, அலைன்மென்ட் (லிங்க்கின் இரு முனைகளும் ஒத்திசைவது) சுத்தமாக முடியும். பிறகு எஸ்எல்டிஎம் சோதனைச் செய்தியில் இருக்கும் எஸ்எல்சி எண் (லிங்க்கின் அடையாள எண்) பொருந்தாது. இரண்டு முறை தோற்றதும் லிங்க் இறங்கும், திரும்ப அலைன் ஆகும், திரும்ப இறங்கும். இப்படி ஏறி இறங்கினால் கார்டை மாற்றாதீர்கள், கேபிளைத் தொட்டுப் பாருங்கள். எப்போதாவது மட்டும் சிஆர்சி பிழை (தரவு சிதைந்ததைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) வந்தால் கிளாக்கைச் சந்தேகியுங்கள்: இரு முனைக் கிளாக்குகளும் விலகுவதால் வரும் ஒவ்வொரு ஸ்லிப்பிலும் டைம்ஸ்லாட்டில் ஒரு பைட் தொலையும் அல்லது இரண்டு முறை வரும்.

எஸ்டிபி ஜோடி, கேபிள் அறுவதிலிருந்து காக்கும், மென்பொருளிலிருந்து காக்காது. 1991 ஜூன் இறுதியில் வாஷிங்டன் பகுதியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தொலைபேசிச் சேவை முடங்கியது எஸ்டிபி மென்பொருள் பிழையால்தான். புதிய பதிப்பை முதலில் ஒன்றில் மட்டும் ஏற்றி ஓடவிட்ட பிறகே அதன் ஜோடியைத் தொட வேண்டும்.

ஐபி மீது எஸ்சிடிபி (செய்திகளை ஒப்புதல் வாங்கிச் சேர்க்கும் நெறிமுறை) ஓட்டி எஸ்எஸ்7 செய்திகளை அனுப்பும் சிக்ட்ரான் கொள்ளளவுக் கவலையைத் தீர்த்துவிடுகிறது. அறுவதைக் கண்டுபிடிப்பதில்தான் பின்தங்குகிறது. டிடிஎம் லிங்க்கில் (இ1 டைம்ஸ்லாட்டில் ஓடும் பழைய வகை) சிக்னல் நின்ற சுமார் 128 மில்லி செகண்டில் லிங்க் இறக்கப்படும். ஒப்புதல் வராத செய்திகள் அப்படியே வேறு லிங்க்குக்கு மாறும். எஸ்சிடிபியின் இயல்பு அமைப்பில் ஆர்டிஓ (ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நேரம்) குறைந்தபட்சம் 1 நொடி, பாத் மேக்ஸ் ரீட்ரான்ஸ் (ஒரு பாதையில் மறுமுயற்சி வரம்பு) 5. பாதை செத்ததாக முடிவு செய்ய, நேரம் இரட்டித்துக்கொண்டே போய் ஆறு முறை காலாவதியாக வேண்டும்: 1+2+4+8+16+32, மொத்தம் 63 நொடி. மறு அனுப்பல்கள் மாற்றுப் பாதையில் போனாலும் புதிய செய்திகள் அதுவரை செத்த பாதையிலேயே கிளம்பிக்கொண்டிருக்கும். ஆர்டிஓவை 300 மில்லி செகண்டாகவும் மறுமுயற்சியை 2 ஆகவும் குறைத்தால் 2.1 நொடிதான். ஆனால் எதிர்முனை ஒப்புதலை 200 மில்லி செகண்ட் தாமதிக்கும் என்பதால் ஆர்டிஓவை அதற்கும் கீழே கொண்டுபோனால் வீண் மறு அனுப்பல்கள் பெருகும்.

எஸ்டிபிகளுக்கு இடையே எம்2பிஏ (ஐபி மீது எஸ்எஸ்7 லிங்க்கைப் போலவே நடக்கும் சிக்ட்ரான் வகை) போடுவதே என் தேர்வு. எஸ்எஸ்7-இல் வழி தேர்ந்தெடுக்கும் அடுக்கான எம்டிபி3-இன் லிங்க் மாற்ற முறை அதில் அப்படியே இருக்கிறது. இன்னொரு சிக்ட்ரான் வகையான எம்3யூஏவை முனைக் கருவிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் அசோசியேஷன் (எஸ்சிடிபி இணைப்பு) விழும்போது வழியில் இருக்கும் செய்திகள் தொலையலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய எக்ஸ்சேஞ்சில் ஐபி கார்டே இல்லை என்றால் ஏ-லிங்க்கை டிடிஎம்மிலேயே விடுங்கள், அது குறையில்லை.

எஸ்சிடிபிக்கு இரண்டு ஐபி முகவரி கொடுத்ததும் இரண்டு பாதை வந்துவிட்டதாக நம்பாதீர்கள். அவற்றுக்கான இரண்டு விஎல்ஏஎன்னும் (மெய்நிகர் வலைகளும்) ஒரே சுவிட்சில், ஒரே ஃபைபரில் ஏறியிருக்கும். சேவையில் விடுவதற்கு முன் முதன்மைப் பாதையின் கேபிளை டிரான்ஸ்மிஷன் அறையில் கையால் உருவி, ஹார்ட்பீட் (பாதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி) மற்ற முகவரியில் தொடர்கிறதா என்று பார்த்து, திரும்பச் செருகி, அடுத்ததையும் அதேபோல உருவிப் பாருங்கள்.