மாடலா, இரட்டை ஓடையா?

மலையில் மரம் நட்டால் ஓடையில் தண்ணீர் கூடுமா, குறையுமா? விடை காண நீரியலில் இரண்டு வழிகள். ஒன்று, மழை, மண், மரம் இவற்றை வைத்து நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாடல். மற்றொன்று, அக்கம்பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை, அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலங்களைச் சில வருடம் அளந்துவிட்டு, ஒன்றில் மட்டும் மரம் நடுவது அல்லது வெட்டுவது. முனைவர் பட்ட ஆய்வை மாடலில்தான் தொடங்கினேன். ஒரே வருடத்தில் ஓடைக்கு மாறிவிட்டேன்.

மாடலின் வசதி தெரிந்ததுதான். 1966-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு மாடலில் தொடங்கி இன்றைய ஸ்வாட் (SWAT) மாடல் வரை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. செலவு குறைவு, பெரிய ஆற்றுப் படுகைக்கும் பயன்படும்.

என்னை உறுத்தியது ஒன்றுதான். மாடலில் ஆழத்துக்கு இறங்கும் நீரைக் கூட்டி, மரம் உறிஞ்சுவதைக் குறைத்து ஓட்டினேன். ஆற்று அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. அப்படியே திருப்பிப் போட்டு ஓட்டினேன், அதுவும் பொருந்தியது! காட்டை வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லின. வேறு வேறு கணக்குகள் ஒரே அளவீட்டுக்குப் பொருந்திவிடும் என்பதை நீரியலாளர் கீத் பெவன் 1990-களிலேயே வற்புறுத்தி எழுதியிருக்கிறார். என் திரையில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரட்டை ஓடையில் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைகிறது. மழை பொய்த்தால் இரண்டுக்கும் பொய்க்கும். தொடாத ஓடை சாட்சியாக நிற்கும். கொலராடோவின் வேகன் வீல் கேப்பில் 1910-இல் தொடங்கியவர்கள், 1919 வரை பொறுத்திருந்துதான் ஒரு பக்கத்தை வெட்டினார்கள். நம் நீலகிரியிலும் நடந்தது. கிளென்மார்கனில் ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர் கொண்ட இரண்டு நீர்ப்பிடிப்புகள். 1972-இல் ஒன்றின் 59 சதவீதத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்து வருடத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டுத் துளிர்க்க விட்ட அடுத்த பத்து வருடத்தில் 25 சதவீதம்! வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததே.

கேட்காத கேள்விக்கும் ஓடை பதில் சொல்லும். அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக்கில் 1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்களை முழுக்க வெட்டி, மறுபடி முளைக்காமல் மருந்தடித்தார்கள். தண்ணீர் கூடியது, கூடவே மண்ணிலிருந்து நைட்ரேட் என்ற சத்தும் எக்கச்சக்கமாக வெளியேறியது.

சரி, பராமரிப்பு? அதுதான் கஷ்டம். ஓடையின் குறுக்கே சின்னச் சுவர், நடுவில் வி வடிவ வெட்டு, வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பதியும் கருவி. செங்கோண வெட்டில் 10 செ.மீ. உயரம் என்றால் நொடிக்கு நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. ஒரு சருகு அடைத்துத் தண்ணீர் 1 செ.மீ. ஏறினால், கணக்கில் ஐந்தரை லிட்டர்! கால்பங்குக்கும் மேல் பிழை. நான் தேடும் மாற்றமே அந்த அளவுதான். அதனால் மழை விட்டதும் போய்ச் சருகை எடுக்க வேண்டும், சுவருக்குப் பின்னால் சேரும் வண்டலை மண்வெட்டியால் வார வேண்டும். நான் சேர்ந்தபோது அளவீடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால்தான் தப்பித்தேன். புதிதாகத் தொடங்கியிருந்தால் ஒன்றைத் தொடுவதற்கு முன் இரண்டையும் ஒப்பிடும் வருடங்களுக்கே படிப்புக் காலம் போதாது.

பெரிய ஆறுகளில் எனக்கு அனுபவம் இல்லை. 32 ஹெக்டேரில் கண்ட 16 சதவீதத்தை அப்படியே பவானிக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அங்கே மாடல் இல்லாமல் முடியாது. ஆனால் அந்த மாடலை ஓட்டுபவர், பக்கத்து மலையில் யாராவது அளந்த ஓடைக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கட்டும்.